தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

நான் பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. எங்க குழு மீன் வளர்த்து நஷ்டப்பட்டதையும், அதில் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

நம்ம பாட்டி காலத்தில் ஏரி நிரம்பினால் கெண்டை, குரவை, கெளுத்தி தானா வரும். கோடையில் தண்ணி வத்தினதும் ஊரே இறங்கிப் பிடிக்கும். யாரும் குஞ்சை எண்ணி விட்டதில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் ஆத்துலதான் முட்டையிடும், குளத்தில் இடாது. அதனால் குஞ்சு கிடைப்பதே அபூர்வம். 1957 ஜூலை 10 அன்று ஒடிசா மாநிலம் அங்குலில் டாக்டர் ஹீராலால் சவுத்ரி ஊசி போட்டு இந்தக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அப்புறம்தான் குஞ்சு தாராளமாகக் கிடைத்தது. கூடவே "எத்தனை விடலாம்?" என்ற கேள்வியும் வந்தது. குளத்துக்கு ஹெக்டேருக்குச் சுமார் 10,000 குஞ்சு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மீன் என்று கணக்கு சொல்வார்கள்.

பிறகு தொட்டி வந்தது. இஸ்ரேல் விஞ்ஞானி யோரம் அவ்னிமெலெக் வளர்த்தெடுத்த பயோபிளாக் முறையில், வெல்லப்பாகு போட்டு நல்ல கிருமிகளைப் பெருக்குவார்கள். அவை மீன் கழிவைத் தீர்க்கும். அதனால் குளத்தைவிட நெருக்கமாக வளர்க்கலாம். 2020-ல் வந்த பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் இதற்குப் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் அறிவித்தார்கள்.

நாங்கள் போட்டது 4 மீட்டர் அகலத் தார்ப்பாய் தொட்டி, 12,500 லிட்டர் தண்ணி. பயிற்சியில் 600 திலேப்பியா குஞ்சு போதும் என்றார்கள். "தொட்டி காலியாத்தானே கிடக்கு" என்று 1,500 விட்டோம். பெரிய மீன் தீனியை அடித்துத் தின்ன, பாதி மீன் விரல் அளவிலேயே நின்றுபோச்சு. கழிவு கூடி தண்ணி நாறியது. ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் காத்து மோட்டார் நின்றது. விடியும்போது மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தது. பாதிக்கு மேல் செத்து மிதந்தது. கடனைக் கூலி வேலைக்குப் போய்க் கட்டினோம்.

தீபத்தன்று கோயில் வாசலில் குழந்தையோட மாட்டியவர்களுக்கு அந்த மூச்சுமுட்டல் புரியும்.

அடுத்த தடவை 600 குஞ்சுதான் விட்டோம், மோட்டாருக்கு பேட்டரியும் வைத்தோம். மீன் ஒரே சீராக வளர்ந்தது. 600 மீன் கால் கிலோ ஆனால் 150 கிலோ. அதுதான் எங்க தொட்டிக்குக் கணக்கு.

சகோதரிகளே, குஞ்சு விடும் அன்னிக்குத் தெரியுற காலி இடத்தைப் பார்க்காதீங்க. பிடிக்கிற அன்னிக்கு வரப்போற எடையைப் பாருங்க.