மருந்தை எதிர்க்கும் உடல்

கண்ணின் நடுப்படலத்தில் உண்டாகும் அழற்சியை மருத்துவர் யுவியைற்றிஸ் என்பர். கிருமியால் வருவதும் உண்டு. உடலின் நிர்ப்பீடனம் தன் கண்ணையே பகையெனக் கருதுவதால் வருவதும் உண்டு. பின்னையது பார்வையையே பறிக்க வல்லது. துருக்கி மருத்துவர் ஹுலூசி பெசெற் 1937 இல் விவரித்த நோய் இவ்வகையிற் கொடியது. கோட்டிசோன் வகை மருந்துகள் அழற்சியை அடக்கின. ஆயின் நெடுநாள் உண்டோர் பலர்க்குக் கண்புரையும் கண்ணழுத்தமும் வந்து சேர்ந்தன. வேறு வழி தேடியபோதே உயிரியல் மருந்துகள் கண்ணுக்கும் வந்தன.

அம்மருந்துகளின் கதை குதிரையில் தொடங்குகிறது. 1890 இல் பேரிங்கும் கித்தசாத்தோவும் பேர்லினில் செய்த ஆய்வின் பயனாக, குதிரையின் குருதி நீர்ப்பாயம் தொண்டைக் கரப்பனுக்கு மருந்தாயிற்று. சாவின் வாயிலில் நின்ற குழந்தைகள் பிழைத்தனர். ஆனால் ஊசி ஏற்றி 8 முதல் 12 நாட்களுக்குள் சிலர்க்குக் காய்ச்சலும் தோற்றடிப்பும் மூட்டுவலியும் கண்டன. மருந்தில் நஞ்சில்லை, பின் நோய் எங்கிருந்து வந்தது? வியன்னாவில் பிர்க்கேயும் ஷிக்கும் 1905 இல் வெளியிட்ட நூலில் விடை கூறினர். குதிரைப் புரதத்தை அயலதெனக் கண்ட உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது; அவ்விரண்டும் மோதுவதே நோய். இரண்டாம் முறை ஊசி ஏற்றியவர்க்கு அக்குறிகள் விரைந்து தோன்றியதே அவர்களுக்குக் கிட்டிய துப்பு. இத்துணை நுண்ணிய நோக்கு மருத்துவ வரலாற்றில் அரிது.

1975 இல் கேம்பிறிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டுமளவு ஆக்கும் முறையைக் கண்டனர். அது சுண்டெலிப் புரதம். 1986 இல் சிறுநீரக மாற்றத்துக்கென அமெரிக்காவில் மருந்தாக வந்தபோது, நோயாளர் பலரின் உடல் அதனையும் எதிர்த்தது. எனவே எலிப்பகுதி குறைக்கப்பட்டது. 1998 இல் வந்த இன்பிளிக்சிமாப்பில் ஏறத்தாழக் காற்பங்கே எலி. கிரேக்க மருத்துவர் 2001 இல் பெசெற் நோயாளரின் கண்களுக்கு அதனைத் தந்து விரைவான தணிவு கண்டனர். 2002 இல் ஒப்புதல் பெற்ற அடலிமுமாப் முழுதும் மனிதப் புரதம் எனப்பட்டது. 2016 இல் யுவியைற்றிஸுக்கும் ஒப்புதல் பெற்றது.

"முழுதும் மனிதம்" என்ற பெயர் சற்று மிகையே. ஒவ்வொரு பிறபொருளெதிரியின் பற்றுமுனையும் தனி வடிவுடையது. அவ்வடிவை முன்னர் கண்டிராத உடல் அதனையும் அயலதென எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணியதும், எதிரிகள் மருந்தைப் பற்றிக் குருதியிலிருந்து அகற்றுகின்றன. மருந்தின் அளவு குறைய, தெளிந்திருந்த கண் மீண்டும் சிவந்து மங்குகிறது. ஊசியோ தவறாமல் ஏற்றப்பட்டுக்கொண்டேயிருக்கும்!

இந்நிலையில் குருதியில் மருந்தின் அளவையும் எதிரிகளையும் அளந்து பார்ப்பர். எதிரிகள் மிகுந்து மருந்து மறைந்திருப்பின், வேறு மருந்துக்கு மாறுவர். எதிரிகள் இன்றி அளவு மட்டும் குறைந்திருப்பின், ஊசிகளின் இடைவெளியைக் குறைப்பர். மருந்து போதியவாறிருந்தும் அழற்சி அடங்காவிடின், நோயின் வேறொரு வழியைத் தடுக்கும் மருந்தை நாடுவர். மெதோட்ரெக்சேற்றைத் துணையாகக் கொடுத்தால் எதிரிகள் தோன்றுவது குறைகிறது. 2017 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், மூட்டழற்சியோடு கண்ணழற்சியுமுற்ற 90 சிறார் மெதோட்ரெக்சேற் பெற்றனர். அடலிமுமாப்பும் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 27 பேர்க்கே சிகிச்சை தோற்றது. சேர்க்கப்படாதோரில் நூற்றுக்கு 60 பேர்க்குத் தோற்றது.