மாரடைப்புக்குப் பின்: ஓர் எண்ணின் வரலாறு

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்புகிறவர்களின் கோப்பில் எக்கோ அறிக்கை ஒன்று தவறாமல் இருக்கும். அதில் பல அளவுகள் அச்சாகியிருந்தாலும் மருத்துவரின் கண் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இ.எஃப். என்ற சுருக்கெழுத்தும் அதன் எதிரே நிற்கும் எண்ணும். அங்கே 35 என்று கண்டால், இதயம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்று உறவினர்கள் கலங்கிப் போகிறார்கள். உண்மையில் நலமான இதயத்திலும் அந்த எண் நூறாக இருப்பதில்லை. இடது கீழறை நிரம்பியிருக்கையில் அதிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரே துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அதன் பொருள். நல்ல இதயத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 வரை இருக்கும். இந்தச் சிறிய விகிதம் ஒரு மனிதரின் ஆயுளைக் கணிக்கும் அதிகாரத்தை எவ்வாறு பெற்றது, அந்த அதிகாரம் எங்கே தடுக்கி விழுந்தது என்பதையே இங்கு நாம் காண விழைகிறோம்.

இதயத் தமனி திடீரென அடைபட்டால் மரணம் உடனடி என்று கருதப்பட்ட காலத்தில், பிழைப்போரும் உண்டு என்று 1912இல் எழுதியவர் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக். அன்று அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. ஆனால் பிழைப்போர் உண்டு என்று ஒப்புக்கொண்ட கணமே அடுத்த கேள்வி பிறந்துவிடுகிறது: பிழைத்தவர்களுள் எவர் நெடுநாள் வாழ்வார்? இதற்கு விடை தேடிய மருத்துவர்களிடம் வெகுகாலம் இருந்த கருவி செவிதான். 1967இல் நியூயார்க்கில் தாமஸ் கில்லிப்பும் ஜான் கிம்பலும் 250 நோயாளிகளை ஸ்டெதாஸ்கோப்பும் கையுமாகச் சோதித்து நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்கள். நுரையீரலில் நீர் கோத்த ஒலி சிறிதும் இல்லாதவர்கள் முதல் வகுப்பு. இரத்த அழுத்தம் வீழ்ந்து உடல் சில்லிட்டவர்கள் நான்காம் வகுப்பு. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் முறையே 6, 17, 38, 81 சதவீதம். வெறும் காதால் கேட்டுப் பெற்ற இந்தப் பகுப்பு இன்றும் வழக்கில் இருக்கிறது என்பதை, கருவிகளின் கதையைச் சொல்லப் புகுமுன் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

கண்ணின் கதை ஸ்வீடனில், ஒரு கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குகிறது. லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கே எட்லருக்கு அப்போது மாரடைப்பில் அக்கறை இல்லை. மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிகளுள் அறுவைக்கு ஏற்றவர் யார் என்பதை நெஞ்சைத் திறக்காமல் அறிய முடியுமா என்பதே அவருடைய கவலை. அதே ஊரில் இயற்பியலாளராக இருந்த ஹெல்முட் ஹெர்ட்ஸிடம் இதைச் சொன்னார். (அலைவெண்ணின் அலகுக்குத் தம் பெயரைத் தந்த ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸின் குடும்பத்தவர் இவர், தந்தை குஸ்தாவ், 1925ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) மால்மோ நகரின் கொக்கும்ஸ் தளத்தில் உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கண்டறிய மீயொலிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள். அதை இரவல் வாங்கித் தம் நெஞ்சின் மீதே வைத்துப் பார்த்தார் ஹெர்ட்ஸ். துடிப்போடு சேர்ந்து நகரும் ஓர் எதிரொலி கிடைத்தது. பின்னர் சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து கடனாகப் பெற்ற கருவியில், 1953 அக்டோபர் 29 அன்று, இதயத்தின் அசைவு முதன்முறையாகப் பதிவாயிற்று. இரும்பில் விரிசல் தேடிய ஒலி இதயத்தில் விரிசல் தேடப் புகுந்தது இவ்வாறுதான். இருவருக்கும் 1977இல் லாஸ்கர் விருது கிடைத்தது, நோபல் கிடைக்கவில்லை.

அந்த முதற்பதிவுகள் நாம் இன்று எண்ணுவதுபோன்ற படங்கள் அல்ல. மேலும் கீழும் அசையும் கோடுகள்தாம். முழு இதயமும் திரையில் விரிய 1970கள் ஆயின. அதே ஆண்டுகளில் வேறொரு வழியும் திறந்தது. இரத்தத்தில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து, கீழறை விரியும்போதும் சுருங்கும்போதும் எழும் கதிர்களைக் காமா கேமரா எண்ணினால் விகிதம் நேரடியாகக் கிடைத்துவிடும். 1983இல் அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் கூடி வெளியிட்ட ஓர் ஆய்வில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 866 பேர் இவ்விதம் அளக்கப்பட்டார்கள். விகிதம் 40க்குக் கீழே இருப்பது, மணிக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மிகைத் துடிப்புகள், நுரையீரல் ஒலி, மாரடைப்புக்கு முன்பே இருந்த மூச்சுத்திணறல் போன்ற தளர்ச்சி என நான்கு அடையாளங்கள் தனித்து நின்றன. நான்கும் இல்லாதவருள் இரண்டாண்டுகளில் இறந்தோர் 3 சதவீதம். நான்கும் உள்ளவருள் 60. குறி சொல்பவன் எவனும் இத்தனை துல்லியத்தைக் கனவிலும் கண்டிருக்கமாட்டான்.

இனி அடையாளத்தை அழித்தால் ஆபத்தும் அழியும் என்று எண்ணுவது இயல்புதானே. மிகைத் துடிப்புகளை அடக்கும் மருந்துகள் கையில் இருந்தன. மருத்துவர்கள் தாராளமாக எழுதியும் வந்தார்கள். காஸ்ட் எனப்பட்ட பெருஞ்சோதனை அந்நம்பிக்கையைச் சோதித்தது. மருந்துகள் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் என்கைனைடு, ஃப்ளெகைனைடு ஆகியவற்றை உண்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தவர் 26 பேரே. 1989இல் அச்சோதனையின் அப்பகுதி நிறுத்தப்பட்டது. எவர் இறப்பார் என்று அறிவது ஓர் அறிவு. எதைச் செய்தால் இறக்கமாட்டார் என்பது முற்றிலும் வேறான அறிவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை இத்தனை விலைகொடுத்துக் காட்டிய நிகழ்வு இதயமருத்துவ வரலாற்றில் வேறில்லை என்பது நம் கருத்து.

விகிதத்தின் கதை நல்லவேளையாக வேறுவிதமாகச் சென்றது. 1987இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து ஹார்வி ஒய்ட்டும் உடன்பணியாளரும் 605 ஆண் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: விகிதத்தைவிட, சுருங்கி முடித்த பின்னும் கீழறையில் எஞ்சும் கொள்ளளவே ஆயுளை நன்கு கணிக்கிறது. தழும்பேறிய தசை இழுபட்டு அறை நாளாவட்டத்தில் பலூன்போல் உப்புகிறது. கொல்வது பெரும்பாலும் அவ்வுப்பலே. இங்கே படம் எண்ணைத் தந்ததோடு நிற்காமல் காரணத்தையும் காட்டிற்று. உப்பலைத் தடுக்கக்கூடிய மருந்தொன்றும் இருந்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியே பிறந்த கேப்டோபிரில் அது. மாரடைப்புக்குப் பின் விகிதம் 40 அல்லது அதற்குக் கீழே இருந்த 2231 பேருக்கு அதையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்த சேவ் சோதனை 1992இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரைக்காரர்களில் 25 சதவீதம் இறக்க, மருந்துண்டவர்களில் 20 சதவீதமே இறந்தனர்.

அடுத்து வந்தது இயந்திரம். தம் ஆசான் திடீர்ச் சாவில் மறைந்ததைக் கண்டு துயருற்ற மிஷெல் மிரோவ்ஸ்கி, லயம் பிறழ்ந்த இதயத்தை அதிர்ச்சியால் மீட்கும் கருவியை உடலுக்குள்ளேயே வைக்க வேண்டுமென்று பல்லாண்டு போராடினார். 1980இல் பால்டிமோரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. விலையுயர்ந்த அக்கருவியை யாருக்கு வைப்பது? 2002இல் ஆர்தர் மாஸ் குழுவினர் விகிதத்தையே வாயிற்காவலனாக்கினார்கள். 30 அல்லது அதற்குக் கீழே உள்ள 1232 பேரில், ஏறத்தாழ இருபது மாதங்களில், கருவியில்லாதோர் 19.8 சதவீதமும் கருவியுள்ளோர் 14.2 சதவீதமும் இறந்தனர்.

அப்படியானால் மாரடைப்பு வந்த வாரத்திலேயே வைத்துவிட்டால் என்ன? இக்கேள்விக்கு 2004இல் கிடைத்த விடை எவரையும் திகைக்க வைக்கும். ஆறாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் இடையே கருவி பொருத்தப்பட்டவர்களில் லயப்பிறழ்வால் இறந்தோர் 12 பேர், பொருத்தப்படாதவர்களில் 29. பிற காரணங்களால் இறந்தோரோ முறையே 50, 29. கூட்டிப்பார்த்தால் 62, 58. மரணம் ஒரு வாயிலில் மறிக்கப்பட்டு மறு வாயிலால் நுழைந்துவிட்டது. மறு ஆண்டு வந்த இன்னொரு பேராய்வு, திடீர்ச் சாவின் ஆபத்து மிகுந்திருப்பது முதல் மாதத்தில்தான் என்று காட்டியபோது இந்தப் புதிர் மேலும் கூர்மையடைந்தது. முதல் நாட்களில் எடுத்த படத்தை முழுதும் நம்பவும் முடியாது. அடைப்பு நீங்கிய பின்னும் சாகாமல் திகைத்து நிற்கும் தசை உண்டு. சில வாரங்களில் அது விழித்துக்கொண்டால் 30 என்றிருந்த எண் 45 ஆகலாம்.

எக்கோவில் திகைத்த தசையும் செத்த தசையும் ஒன்றுபோலவே அசைவற்றுத் தெரியும். இவற்றைப் பிரித்துக் காட்டியது காந்த அதிர்வுப் படமே. கடோலினியம் ஏற்றிச் சிறிது நேரம் பொறுத்துப் படமெடுத்தால், செத்த பகுதியில் அது தேங்கி வெண்மையாக ஒளிர்கிறது. 2000த்தில் ரேமண்ட் கிம் குழுவினர், சுவரின் தடிப்பில் எத்தனை பங்கு வெண்மையோ அதற்கேற்பத் தசை மீளும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டினார்கள். அவ்வெண்மையின் நடுவே கருந்திட்டு தெரிந்தால் இன்னும் தீது: பெருந்தமனி திறந்தும் நுண்குழாய்களில் இரத்தம் பாயவில்லை என்பதன் அடையாளம் அது. நாய்களில் 1974இல் விவரிக்கப்பட்ட இந்நிலை, மனிதரிடம் வருங்காலத்தைக் கணிக்கிறது என்று 1998இல் 44 பேரைக் கொண்ட சிறிய ஆய்வொன்று சொன்னது. 2016இல் பத்துச் சோதனைகளைச் சேர்ந்த 2632 பேரின் தரவு தொகுக்கப்பட்டபோது, இடது கீழறைத் தசையில் தழும்பு ஒவ்வொரு ஐந்து சதவீதம் கூடும்போதும் ஓராண்டு மரண ஆபத்து 19 சதவீதம் உயர்வது தெரிந்தது.

எனினும் திடீரென இறப்போரில் பெரும்பகுதியினர் விகிதம் 35க்கு மேலே உள்ளவர்கள்தாம். தனித்தனியே அவர்களுக்கு ஆபத்து குறைவு; ஆனால் கூட்டம் பெரிது. இத்தனைக்குப் பிறகும் கருவி பொருத்துவதற்கான வழிகாட்டு விதிகளில் நிற்பது தழும்பின் அளவன்று. மாரடைப்பு வந்து குறைந்தது நாற்பது நாள் கழித்து, மருந்துகளோடு, மீண்டும் அளக்கப்படும் அதே விகிதந்தான். சிறு தளர்ச்சியேனும் உள்ளவருக்கு 35, ஏதும் இல்லாதவருக்கு 30.