யாழ்தேவியும் சீமெந்து வண்டியும்

1956 ஏப்ரல் 23ஆம் நாள் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை இழுத்த பெருமை கனடா டீசல் இயந்திரங்களுக்கு உரியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த இவை 1425 குதிரைவலு கொண்டவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என மாகாணப் பெயர்கள் பூண்டவை.

முதுமையடைந்த பயணிகள் இயந்திரத்தைச் சரக்குப் பணிக்குத் திருப்புவது பல நாடுகளின் வழக்கம். மோட்டாரையும் சக்கர அச்சையும் இணைக்கும் பற்சக்கரங்களின் விகிதத்தை மாற்றினால் வேகம் குறையும், இழுவை கூடும். கனடா இயந்திரங்களோ தொடக்கத்திலேயே இருபணிக்கும் ஏற்றவை. சரக்குக்கும் குறைவில்லை; காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 முதல் இயங்கியது.

1990 ஜூனில் போர் பாதையை அடைத்தது; தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. யாழ்ப்பாணம் 2014 அக்டோபரில் மீண்டும் புகையிரதத்தைக் கண்டது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையும் கண்டது. பயணிகள் ஏறினர், ஏற்றிச்செல்லச் சீமெந்துதான் இருக்கவில்லை.