மனக்கண்ணின் வரலாற்றாசிரியர்

சொல்லாக வடிவு கொள்வதற்கு முன் கவிதை காட்சியாகத் தோன்றுகிறது என்பதைக் கவிஞர் அறிவர். பாலமும் நீராவி எந்திரமும் அவ்வாறே தோன்றுகின்றன என்று சான்றுகளுடன் நிறுவியவர் ஓர் அமெரிக்கப் பொறியாளர். யூஜின் ஷால்கிராஸ் ஃபெர்குசன் (1916–2004) என்பது அவர் பெயர். பொறியாளர், ஆசிரியர், அருங்காட்சியகக் காப்பாளர், வரலாற்றாசிரியர் என நான்கு நிலைகளிலும் அவர் தேடியது ஒன்றே: ஏட்டில் ஏறாத அறிவு எங்கே வாழ்கிறது?

டெலாவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் 1916 ஜனவரியில் பிறந்தார் ஃபெர்குசன். கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1937இல் எந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்திலும், 1938 முதல் 1942 வரை டூபாண்ட் நிறுவனத்திலும் பணி செய்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் போர்த்தளவாட அதிகாரியாக விளங்கினார். போர் ஓய்ந்தபின் 1946இல் அயோவா மாநிலக் கல்லூரியில் எந்திரப் பொறியியல் ஆசிரியரானார்.

வகுப்பில் எந்திரங்களைக் கற்பித்துக்கொண்டே பழைய ஏடுகளையும் புரட்டலானார். அமெரிக்கக் கடற்படையின் தொடக்ககாலத் தளபதிகளுள் ஒருவரான தாமஸ் டிரக்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1956இல் வெளியிட்டார். அந்த ஈடுபாடே அவரை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அழைத்துச் சென்றது எனலாம். 1958 முதல் 1961 வரை அங்கே எந்திர, கட்டுமானப் பொறியியல் பிரிவின் காப்பாளராக இருந்தார்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் எந்திரம் பேசாது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கோ அதன் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாக்கியம். ஜேம்ஸ் வாட் காலம் முதலான எந்திர இயக்கங்களின் வரலாற்றை ஆராய்ந்து 1962இல் ஃபெர்குசன் வெளியிட்ட ஆய்வு அத்தகைய படிப்பின் பயன். பழைய நீராவி எந்திரம் மேலிருக்கும் உத்திரத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்தது. அதற்கு ஒரு சங்கிலி போதும். வாட்டின் புதிய எந்திரம் இழுக்கவும் செய்தது, தள்ளவும் செய்தது. சங்கிலியால் தள்ள முடியாது. உத்திரத்தின் முனை வில்லாக வளைந்து செல்ல, உந்துதண்டோ நேர்கோட்டில் ஏறி இறங்க வேண்டும். சில தண்டுகளை மூட்டுகளால் பிணைத்து 1784இல் வாட் இதற்குத் தீர்வு கண்டார். தம் கண்டுபிடிப்புகள் அனைத்திலும் இதுவே தமக்குப் பெருமை தருவது என்று முதுமையில் அவர் கூறினார். அத்தீர்வு மனத்திற்குள் தண்டுகளை அசைத்துப் பார்த்தவருக்கே கிட்டக்கூடியது.

மீண்டும் அயோவாவில் பேராசிரியராக இருந்த காலத்தில், தொழில்நுட்ப வரலாற்றுக்கான நூலடைவு ஒன்றைத் தொகுத்து 1968இல் அளித்தார். பின்வந்த ஆய்வாளர்க்கு அது வழித்துணையாயிற்று. 1969இல் பிறந்த மாநிலத்திற்கே திரும்பினார். டெலாவேர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர், ஹாக்லி அருங்காட்சியகத்தில் தொழில்நுட்பக் காப்பாளர் என்னும் இரு பொறுப்புகளையும் 1979 வரை வகித்தார். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802இல் டூபாண்ட் குடும்பம் வெடிமருந்து ஆலை நிறுவிய இடமே ஹாக்லி. இளமையில் ஊதியம் அளித்த நிறுவனத்தின் தோற்றுவாயிலேயே அவருடைய வரலாற்றுப் பணி நடந்தது.

இத்தாலியப் பொறியாளர் அகோஸ்டினோ ராமெல்லி 1588இல் பாரிஸில் வெளியிட்ட எந்திர நூலில் 195 படங்கள் உள்ளன. மார்த்தா டீச் நுடி அதனை ஆங்கிலத்தில் பெயர்க்க, ஃபெர்குசன் விளக்கங்கள் சேர்த்தார். 1976இல் அப்பதிப்பு வந்தது. அப்படங்களுள் பல அக்காலத்தில் எவருக்கும் தேவைப்படாத பொறிகள். எனினும் கண்ணுக்கு விருந்தான அவற்றிலிருந்து பின்வந்தோர் கருத்துகளை எடுத்துக்கொண்டனர். ஓவியம் ஒரு தலைமுறையின் கற்பனையை மற்றொன்றுக்குக் கடத்தியது. டெலாவேரில் பிறந்து, கைபடாமல் மாவரைக்கும் ஆலையை அமைத்த ஆலிவர் எவன்ஸ் பற்றிய அவரது நூல் 1980இல் வெளிவந்தது.

இவ்வுழைப்பின் சாரம் 1977இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையிலும், 1992இல் வெளியான ‘பொறியியலும் மனக்கண்ணும்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலிலும் உள்ளது. பிரமிடும் பேராலயமும் ஏவுகணையும் முதலில் அவற்றைச் சமைத்தோர் உள்ளத்தில் உருவங்களாகவே இருந்தன. கணக்கு பின்னர் வந்தது என்றார். தொழில்நுட்ப வரலாற்றுக் கழகம் தன் உயரிய லியோனார்டோ டா வின்சி பதக்கத்தை 1977இல் அவருக்கு வழங்கியது.

இவ்வாராய்ச்சிக்குள் ஓர் ஆசிரியரின் கவலையும் இருந்தது. 1955இல் அமெரிக்கப் பொறியியல் கல்விக்கென வெளிவந்த ஓர் அறிக்கை, அறிவியல் அடிப்படைகளுக்கு முதன்மை தரச் சொன்னது. அதன்பின் கல்லூரிகளில் வரைபடப் பயிற்சியும் பட்டறைப் பயிற்சியும் தேய்ந்தன. சமன்பாட்டில் வல்ல மாணவர் பெருகினர். இரும்பைத் தொட்டுப் பார்த்தோர் அருகினர்.

இவ்விழப்பின் விலை சிறிதன்று. கணிப்பொறிக் கணக்கை நம்பி எழுப்பிய ஹார்ட்ஃபோர்டு விளையாட்டரங்கின் கூரை, 1978 ஜனவரி 18 அன்று விடியுமுன் பனியின் சுமையால் வீழ்ந்தது. சில மணி நேரத்திற்கு முன் ஏறத்தாழ 5,000 பேர் அதன்கீழ் அமர்ந்திருந்தனர். 1988 ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்னும் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். அந்த விமானம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது கப்பலின் பெருந்திரையில் ஒரே பார்வையில் தெரியுமாறு அமைக்கப்படவில்லை. எண்களைக் கொண்டு கணித்தே அறிய வேண்டியிருந்தது. அதற்கு அவகாசம் இல்லை.

கணக்கை ஃபெர்குசன் பழித்தாரல்லர். அவரே அதில் பயின்றவர். கேட்ட வினாவுக்குக் கணக்கு விடை தரும். எந்த வினாவைக் கேட்பது என்பதைக் கண்டறிந்த கண்ணே முடிவு செய்யும் என்பது அவர் வாழ்நாள் கொண்டு உணர்த்திய பாடம். பட்டறையில் கற்றதை வகுப்பிலும், வகுப்பில் கற்றதை அருங்காட்சியகத்திலும், அங்கே கண்டதை நூலிலும் சேர்த்துவிட்டு 2004 மார்ச்சில் அவர் மறைந்தார். காட்சியிலிருந்து சொல்லுக்கு வழி தேடும் எவரும் அவரைத் தம் இனத்தவராகவே கொள்ளலாம்.