நோய்க்குப் பின் வந்த விருந்து

1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்த 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேரை முதல் குளிர்காலத்து நோய் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் தேறி, 1621 அறுவடை முடிந்ததும் தங்கள் குடியிருப்பான பிளிமத்தில் விருந்து வைத்தார்கள்.

அப்பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட் 90 ஆட்களுடன் வந்தார்; 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். மூன்று நாள் சாப்பாடும் கேளிக்கையும்! ஆனால் பிளிமத் எழுந்ததே, சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயில் ஆளற்றுப்போன பட்டுக்ஸெட் என்ற வாம்பனோக் கிராமத்தின் மேல்தான். அதை மறைத்துவிட்டு அந்த விருந்தைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

1623இல் மாசசாய்ட் நோயில் விழுந்தார். பிளிமத்தில் குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ நேரில் போய் சூப் வைத்துக் கொடுத்துத் தேற்றினார்.

1621 விருந்தோடு இணைத்துப் பேசப்படும், குடும்பங்கள் வான்கோழியைச் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்க்கும் நன்றி நாளை, நவம்பர் கடைசி வியாழனுக்கு 1863இல் அமெரிக்க அதிபர் லிங்கன் அறிவித்தார். 1941இல் அது நான்காவது வியாழனாகச் சட்டமானது.