போனவர்களும் ஆக்கப்பட்டவர்களும்: தீவகத்தின் துயரச் சொற்கள்

துன்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல, செய்தி நிறுவனங்களின் வழியாகவே நம் பத்திரிகைகளுக்குள் புகுந்தன. 'இன்சிடென்ற்' சம்பவம் ஆயிற்று. 'டிஸ்பிளேஸ்ட்' இடம்பெயர்ந்தோர் ஆயிற்று. 'மிஸ்ஸிங்' காணாமற்போனோர் ஆயிற்று. நாள்தோறும் அச்சேறிய சொல் நாளடைவில் அரச படிவங்களிலும் ஊரார் பேச்சிலும் நிலைத்துவிடும். இச்சொற்கள் நடந்ததைச் சொல்கின்றனவா, மறைக்கின்றனவா? யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் அண்மைக்கால வரலாற்றில் இக்கேள்விக்கு விடை உண்டு.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சியம் கூறினர். இறந்தவர் தொகை குறைந்தது 23 என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. முப்பதுக்கும் மேல் என்பது ஊரவர் கணக்கு. இதனைச் 'சம்பவம்' என்று எழுதினால், மழை பெய்ததும் சம்பவம், மனிதரை வெட்டியதும் சம்பவம் என்றாகிவிடும். நெடுந்தீவு மக்கள் அச்சொல்லை ஏற்கவில்லை. அவர்களுக்கு அது அன்றும் இன்றும் குமுதினிப் படுகொலையே.

அடுத்தது 'இடம்பெயர்ந்தோர்'. இங்கே குறை ஆங்கிலத்தில் இல்லை. நம் மொழிபெயர்ப்பில்தான் உள்ளது. 'டிஸ்பிளேஸ்ட்' என்பது செயப்பாட்டுவினையின் வடிவம். அகற்றியவர் யாரென்று அது சொல்லாவிட்டாலும், அகற்றப்பட்டனர் என்ற பொருளையாவது காக்கிறது. 'இடம்பெயர்ந்தார்' என்பதோ தன்வினை. பருவம் பார்த்துப் பறவை பெயர்வதும் அதே வினைதான். 1990இலும் 1991இலும் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்கள் வீடு வாசலை விட்டுக் குடாநாட்டுக்கு ஓடியது விரும்பிப் பெயர்ந்த பெயர்ச்சியா? 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதத் தமிழில் வழி இருந்தது. திருந்தினான், திருத்தினான் என்று பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைப் பாடம் போதும்.

மூன்றாவது சொல்லின் வரலாறு நீளமானது. கடல் சூழ்ந்த ஊர்களுக்குக் 'காணாமற்போதல்' புதிதன்று. தொழிலுக்குப் போன வள்ளம் புயலில் அகப்பட்டால், போனவர் காணாமற்போனவர். கடல் கொண்டதற்கு யாரைக் குற்றம் சொல்வது? அந்த இடத்தில் 'போ' என்னும் துணைவினை சரியாகவே நின்றது.

1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் தரையிறங்கியபோது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவில்லை. 2006 ஆகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும் அவருடன் சென்றவரும் அவ்வூரில் கடற்படைச் சோதனைச் சாவடியருகே இறுதியாகக் காணப்பட்டனர். இவர்களைக் கடல் கொண்டுபோகவில்லை. ஆயினும் செய்திகளில் இவர்களும் 'காணாமற்போனோர்' ஆயினர்.

இதே இக்கட்டை ஸ்பானிய மொழி முன்னரே சந்தித்திருந்தது. ஆர்ஜென்ரீனாவில் 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியில் கடத்தப்பட்டவர்கள் 'தெசப்பரெசிதோஸ்' எனப்பட்டனர். ஆங்கிலமும் அதைப் பின்பற்றி, இலக்கணம் இடங்கொடாத போதும், 'டிஸப்பியர்' என்ற வினையைச் செயப்பாட்டுவினையாக வளைத்தது. 1980இல் ஐ.நா. இதற்கெனச் செயற்குழு அமைத்தது. ஜிம் பிரவுண் அடிகளார் மறைந்த நான்காம் மாதம், 2006 டிசம்பர் 20 அன்று, ஐ.நா. பொதுச்சபை இதற்கான உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை அதனை உறுதிசெய்தது 2016இல். உள்நாட்டுச் சட்டமாக்கியது 2018இல்.

தமிழில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற வழக்கு ஊன்றியதற்கு உறவுகளின் போராட்டங்களே பெருங்காரணம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டம் அச்சொல்லையே தாங்கி நின்றது. 'போ' என்பதை எடுத்துவிட்டு 'ஆக்கு' என்பதை வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் 'போனார்' என்றால் எங்கே என்று மட்டுமே கேட்கலாம். 'ஆக்கப்பட்டார்' என்றால் ஆக்கியவர் யார் என்றும் கேட்டாகவேண்டும்.

அரச மொழி இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் உள்ளது 'மிஸ்ஸிங்' என்ற சொல்லே. போரில் காணாமற்போன படையினரையும் அச்சட்டம் உள்ளடக்குவதால் பொதுச்சொல் வேண்டியிருந்தது என்று நியாயம் கூறலாம். அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களுக்கு வேறொரு சான்றிதழை வழங்க வகைசெய்தது. கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்பமிடாமலே சொத்து, வங்கி அலுவல்களைப் பார்க்க அது உதவும். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'அப்சென்ஸ்'; பள்ளிக்கூட இடாப்பில் வராத பிள்ளைக்கு எழுதும் சொல்.

சொல்லை மாற்றினால் போனவர் வந்துவிடுவாரா என்று கேட்போர் உண்டு. வரமாட்டார். ஆனால் விசாரணை தொடங்குவது முறைப்பாட்டில் எழுதப்படும் வினைச்சொல்லிலிருந்துதான். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் காணாமற்போனவர். பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர் காணாமல் ஆக்கப்பட்டவர். தீவகத்தில் இரு வகையினரின் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. இருவருக்கும் ஒரே சொல்லை எழுதுவது சுருக்கம் அன்று, பிழையான செய்தி.