ஒரு கிணறும் 640 ஏக்கரும்

காணி எவருக்கு உரியதோ, அதன் கீழுள்ள கனிப்பொருளும் அவருக்கே உரியது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை. இக்கொள்கையை நம்பியே ஐக்கிய அமெரிக்காவின் கமக்காரர்கள் எண்ணெய்க்கும் இயற்கை வாயுவுக்குமாகத் தம் நிலங்களைக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விட்டனர். ராயல்டி எனப்படும் உரிமைப்பங்காக, விளைவில் எட்டிலொன்று காணிக்காரருக்கு என்பது நெடுங்கால வழக்கமாயிற்று. ஆனால் அது எதன் எட்டிலொன்று என்ற வினாவே பின்னர் பெரிதாயிற்று.

நிலக்கரி கிடந்த இடத்திலேயே கிடக்கும். வாயுவோ எல்லைக் கல்லை அறியாது. 1889ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் உயர்நீதிமன்றம் அதனைக் காட்டு விலங்குக்கு ஒப்பிட்டது. வேலி கடந்த விலங்கு பிடித்தவனைச் சேர்வது போல, அயலான் கிணற்றிற் புகுந்த வாயுவும் அயலானையே சேரும். ஆகவே, முந்தித் தோண்டியவன் பிழைத்தான், பிந்தியவன் இழந்தான். 1930இல் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதன் பின், கில்கோர் நகரின் நடுவே ஏறத்தாழ ஓர் ஏக்கரில் 24 கிணறுகள் நெருங்கி நின்றன. பணம் விரயமாயிற்று, நிலத்தடி அழுத்தமும் குன்றிற்று.

இதற்கு மாற்றாக எழுந்ததே கிணற்றலகு. ஒக்லஹோமா, நியூ மெக்சிக்கோ ஆகிய மாநிலங்கள் 1935இல் இதற்குச் சட்டம் இயற்றின. ஒரு கிணற்றுக்கு இத்தனை ஏக்கர் என அரசு வரையறுக்கும். அவ்வெல்லைக்குள் உள்ள காணிக்காரர் அனைவரும் தத்தம் ஏக்கர் அளவுக்கேற்பப் பங்கு பெறுவர். தன் காணியிற் கிணறு இல்லாத சிறு கமக்காரரும் இதனாற் காக்கப்பட்டார்.

எனினும், அலகின் அளவு பங்கின் அளவை மாற்றும். ஒருவருக்கு 40 ஏக்கர் உண்டு எனக் கொள்வோம். அலகு 160 ஏக்கராயின், அவர் நிலம் அதில் நாலிலொன்று. விளைவில் அவருக்கு 32இல் ஒரு பங்கு. அலகு 640 ஏக்கராயின், அவர் நிலம் 16இல் ஒன்று. கிடைப்பது 128இல் ஒரு பங்கே. குத்தகைப் பத்திரத்தில் எட்டிலொன்று என்ற எழுத்து மட்டும் மாறவில்லை!

ஒரே கிணறு 640 ஏக்கரின் வாயுவையும் உண்மையில் ஈர்க்குமாயின், இதில் அநீதி இல்லை. அது 160 ஏக்கரையே ஈர்க்குமாயின், கிணற்றருகே உள்ளவரின் செல்வம் தொலைவிலுள்ளவருக்குப் பிரிந்து போகின்றது. ஆகவே, அலகு எவ்வளவு என்ற வழக்கு நிலவியல் வழக்குமாகும்.

வேறொரு கேடும் உண்டு. அலகில் ஒரு கிணறு விளைந்தால், அதனுட் சிறு துண்டு மட்டும் அகப்பட்ட காணி முழுவதும், தவணை முடிந்த பின்னரும் கம்பனியின் பிடியில் இருக்கலாம். இதனைத் தடுக்க 1947இல் லூசியானாவின் வழக்கறிஞர் லாரன்ஸ் பியூ ஒரு வாசகத்தை வகுத்தார். அலகுக்கு வெளியே உள்ள நிலம் தவணை முடிவில் விடுபட வேண்டும் என்பதே அதன் சாரம். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கிடையாகத் துளையிடும் முறை பரவிய பின்னர், வடக்கு டக்கோட்டாவில் 1,280 ஏக்கர் அலகுகள் வழக்கமாயின. அங்கே 40 ஏக்கருக்கு உரியது, எட்டிலொன்று என்ற கணக்கில், 256இல் ஒரு பங்கு. ஓர் அலகிற் பல கிணறுகள் இறங்கினால் அச்சிறு பங்கும் பெருகும். ஒன்றோடு நின்றால் நிலம் கட்டுண்டு கிடக்கும். எட்டிலொன்றை மட்டும் படித்துக் கையொப்பமிட்டவர், பத்திரத்தின் பாதியையே படித்தவராவர்.